திப்பு சுல்தானும் கார்ன்வாலிஸும்: கொங்கு மண்ணிலிருந்து ஓர் ஒப்பீடு

ஒரே போரில் எதிரெதிராக நின்ற இரு படைத்தலைவர்களை அருகருகே வைத்து அளக்கும் வழக்கம் வரலாற்று எழுத்தில் மிகப் பழையது. கிரேக்கரான புளூட்டார்க் ஒரு கிரேக்கரையும் ஒரு ரோமானியரையும் இணையாக நிறுத்தி வாழ்க்கை வரலாறுகள் எழுதியபோது, அந்த இணைகளில் பலர் ஒருவரையொருவர் காணாமலே வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்து மறைந்தவர்களாக இருந்தனர். மூன்றாம் மைசூர்ப் போரில் (1790–1792) மோதிய திப்பு சுல்தானும் சார்லஸ் கார்ன்வாலிஸும் அவ்வாறானவர்கள் அல்லர். ஒருவர் எடுத்த முடிவு மற்றவரின் அடுத்த முடிவை உருவாக்கும் அளவுக்கு அவர்களுடைய வாழ்க்கை ஈராண்டுக் காலம் பின்னிக் கிடந்தது. அந்தப் பின்னலின் முதல் முடிச்சு சத்தியமங்கலத்துக்கும் சேவூருக்கும் இடையே, பவானி ஆற்றங்கரையில், 1790 செப்டம்பரில் விழுந்தது என்பதால், கொங்கு நாட்டிலிருந்து இந்த ஒப்பீட்டைத் தொடங்குவதற்குத் தக்க காரணம் உண்டு.

இவ்விருவரையும் பற்றிய எழுத்துகள் மூன்று வகையாகக் கிடைக்கின்றன. போரில் நேரில் பங்கெடுத்த ஆங்கில அதிகாரிகளான டிரோம், ரோடரிக் மெக்கன்சி போன்றோர் போர் முடிந்த கையோடு எழுதிய விவரணங்களும், மைசூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த மார்க் வில்க்ஸ் அடுத்த தலைமுறையில் எழுதிய விரிவான தென்னிந்திய வரலாறும் முதல் வகை. இவற்றில் கார்ன்வாலிஸ் நிதானத்தின் உருவமாகவும் திப்பு அவசரத்தின் உருவமாகவும் வருகின்றனர். மைசூர் அரசவையைச் சார்ந்திருந்த கிர்மானி பாரசீக மொழியில் எழுதிய வரலாறு இரண்டாவது வகை. அதில் திப்புவின் தோல்விகளுக்கு அவரைச் சூழ்ந்திருந்த அமைச்சர்களின் துரோகமே பெரும் காரணமாகக் காட்டப்படுகிறது. மொஹிபுல் ஹசன் 1951இல் வெளியிட்ட நூல் தொடங்கி வரும் நவீன ஆய்வுகள் மூன்றாவது வகை. ஆங்கிலேயர் பூசிய கறையைத் துடைத்துத் திப்புவை ஓர் அரசியல்வாதியாகவும் சீர்திருத்தக்காரராகவும் மீட்டெடுப்பது இவற்றின் நோக்கம். மூன்றுமே பயனுள்ளவை என்றாலும், மூன்றும் போரைப் பெங்களூரிலிருந்தோ திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்தோ பார்க்கின்றன. கோயம்புத்தூர், ஈரோடு, தாராபுரம், கரூர் ஆகிய ஊர்கள் அவற்றில் முதல் ஆண்டுப் போரின் முன்னுரையாக வந்து, விரைவில் மறைந்துவிடுகின்றன. அந்த முன்னுரையைப் பொறுமையாகப் படித்தால் வேறொரு முடிவு கிடைக்கிறது. கொங்கு நாட்டுப் போரில் திப்பு தெளிவாக வென்றார். அந்த வெற்றியே கார்ன்வாலிஸைக் கொங்கு வழியைக் கைவிட்டு வேறு வழியில் மைசூருக்குள் நுழையச் செய்தது. திப்பு தாம் பெற்ற வெற்றியின் பொருளை உணர்ந்ததைவிட விரைவாக, அவருடைய எதிரி அதன் பொருளை உணர்ந்துகொண்டார்.

இதை விளங்கிக்கொள்ள நிலத்தின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கு மேல் வாய் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபாரையும், மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறும் கெஜலட்டிக் கணவாய் வழியாக மைசூர்ப் பீடபூமியையும், காவிரியை ஒட்டிய காவேரிபுரம் கணவாய் வழியாக அதே பீடபூமியின் கிழக்கு விளிம்பையும் கொங்குச் சமவெளி தொட்டுக்கொண்டிருக்கிறது. கிழக்கே கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குத் தடையில்லாத பாதை உண்டு. கெஜலட்டிப் பாதையின் அடிவாரத்தைக் காத்து நின்ற தணாயக்கன்கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்குள் கிடப்பதால், இக்காலத்து வாசகருக்கு அந்தப் பாதையின் பழைய முக்கியத்துவம் எளிதில் பிடிபடுவதில்லை. மைசூர் அரசர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே இந்தக் கணவாய்கள் வழியாக இறங்கிக் கொங்கைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்திருந்தனர். ஹைதர் அலிக்கும் அவர் மகன் திப்புவுக்கும் கொங்கு வெறும் எல்லைப்புறமாக இருக்கவில்லை. மலபாருக்கும் தமிழ்ச் சமவெளிக்கும் இறங்கும் படைகளுக்குத் தானியமும் தீவனமும் மாடுகளும் தந்த களஞ்சியமாக அது இருந்தது. கம்பும் சோளமும் ராகியும் விளைந்த புன்செய்க் காடுகளும், இன்று காங்கேயம் என்று பெயர் பெற்ற மாட்டினத்தின் தாயகமான மேய்ச்சல் நிலங்களும் எந்தப் படையையும் ஈர்க்கக்கூடியவை.

ஆங்கிலேயரும் இதை அறிந்தே இருந்தனர். முதலாம் மைசூர்ப் போரில், 1768இல், கர்னல் வுட் தலைமையிலான படை கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் முதலிய கோட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காவல்படையை விட்டுச் சென்றது. அவ்வாண்டின் இறுதியில் ஹைதர் கணவாய்களின் வழியே இறங்கியபோது அந்தக் காவல்படைகள் ஒன்றுக்கொன்று உதவ முடியாமல் வரிசையாக விழுந்தன. 1783இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் தாராபுரத்தையும் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றிக் கெஜலட்டி வழியாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஏறத் திட்டமிட்டார். ஆனால் சமாதானப் பேச்சு தொடங்கிவிட்டதால் அவர் நிறுத்தப்பட்டார். 1784 மார்ச்சில் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கை அவர் பிடித்ததை எல்லாம் திப்புவிடம் திருப்பித் தந்தது. நிறைவேறாமல் போன அந்தத் திட்டம் சென்னைக் கோட்டையின் காகிதங்களில் தங்கிவிட்டது. 1790இல் அதே திட்டம் மீண்டும் எடுக்கப்பட்டபோது, 1768இல் நேர்ந்த தவறும் அதனுடன் சேர்ந்தே திரும்பி வந்தது.

இனி இரு வாழ்க்கைகளுக்கு வரலாம். கார்ன்வாலிஸ் 1738 டிசம்பர் 31 அன்று லண்டனில் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பணம் கொடுத்துப் பதவி வாங்கும் அக்கால முறைப்படி படையில் சேர்ந்து, இத்தாலியில் தூரின் நகரத்துப் படைக் கல்விக்கூடத்தில் சிறிது காலம் பயின்று, ஏழாண்டுப் போரில் ஜெர்மானிய மண்ணில் பணியாற்றினார். திப்பு அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். 1750 நவம்பரில் (ஓராண்டு பிந்திக் கூறுவோரும் உண்டு) பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் பிறந்தபோது, அவருடைய தந்தை மைசூர் அரசரின் படையில் ஓர் அதிகாரி மட்டுமே. அந்தத் தந்தை நாட்டின் அதிபதியாக உயர்ந்த வேகத்தைக் கண்முன்னே கண்டு வளர்ந்தவர் திப்பு. பதினேழாம் வயதில் அவர் நடத்திய குதிரைப்படை சென்னையின் புறநகர் வரை வந்து ஆங்கிலேய வணிகர்களை நடுங்க வைத்தது. ஒருவருக்குப் பதவி குடும்பத்தின் வழியாகத் தானே வந்தது; மற்றவருக்கோ குடும்பமே போரினால் பதவியை ஈட்டியது. இந்த வேறுபாடு பின்னாளில் இருவரும் தோல்வியை எதிர்கொண்ட விதத்தில் வெளிப்பட்டது.

1780ஆம் ஆண்டு இவ்வொப்பீட்டில் தனிக் கவனம் பெற வேண்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்று வட அமெரிக்காவின் தென் கரோலினாவில், கேம்டன் என்ற இடத்தில், கார்ன்வாலிஸ் அமெரிக்கப் படை ஒன்றைச் சிதறடித்தார். ஒரு மாதம் நிறைவதற்குள், செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் திப்புவும் ஹைதரும் கர்னல் பெய்லியின் படையை அழித்தனர். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் அன்று பெற்ற புகழ் இன்றும் குறையவில்லை. இருவரும் ஒரே கோடையில் புகழின் உச்சிக்குச் சென்றனர் என்றாலும், அதற்குப் பின் வந்த மாதங்கள் இருவருக்கும் வெவ்வேறு பாடங்களைத் தந்தன. கார்ன்வாலிஸ் 1781 ஜனவரியில் எதிரியை விரைவாகத் துரத்துவதற்காகத் தம் படையின் வண்டிகளையும் மூட்டைமுடிச்சுகளையும் தாமே தீயிட்டு எரித்தார். மார்ச்சில் கில்ஃபோர்டில் வென்றும், தின்னவும் உடுக்கவும் இல்லாத படையுடன் கடற்கரைக்கு ஒதுங்க நேர்ந்தது. அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் சரணடைந்தார். கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை வழியை மறித்தது, மேலதிகாரியான கிளின்டனோடு இருந்த பிணக்கு, உணவும் வண்டியும் இல்லாத நடைப்பயணம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவரை வீழ்த்தின. திப்புவோ 1782 பிப்ரவரியில் தஞ்சைச் சீமையில் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையைச் சுற்றிவளைத்துச் சிறைப்பிடித்தார். டிசம்பரில் தந்தை இறந்தபோது மலபாரில் இருந்து திரும்பி அரசையும் படையையும் பிளவின்றித் தம் கைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பெத்னூரை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டார். வெற்றிமேல் வெற்றி பெற்ற அவருக்கு, வேகம் ஒன்றே போதும் என்ற நம்பிக்கை உறுதிப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

தோற்றவர் கற்றுக்கொண்டார் என்பதற்கு 1786இல் கார்ன்வாலிஸ் இந்தியாவுக்கு வந்த முறையே சான்று. தலைமை ஆளுநர் பதவியும் படைத்தலைமையும் ஒரே கையில் இருக்க வேண்டும், தேவையானபோது ஆலோசனைக் குழுவை மீறிச் செயல்படும் உரிமை வேண்டும் என்ற இரண்டையும் பெற்ற பின்னரே அவர் பதவியேற்றார். அமெரிக்காவில் தம்மை முடக்கிய இரட்டைத் தலைமை இந்தியாவில் இருக்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கூட்டணியிலும் அதே பாடம் தெரிகிறது. யார்க்டவுனில் அவரை வீழ்த்தியது எதிரிகளின் கூட்டணி. 1790இல் நிஜாமையும் மராத்தியரையும் உடன்படிக்கைகளால் கட்டிச் சேர்த்து, திப்புவுக்கு எதிரான கூட்டணியை அவரே அமைத்தார். அதே காலத்தில் திப்பு வெர்சாய் அரண்மனைக்கு அனுப்பிய தூதர்கள் 1788இல் பதினாறாம் லூயியிடம் மரியாதையைப் பெற்றனர்; படையைப் பெறவில்லை. அடுத்த ஆண்டே பிரான்சில் புரட்சி வெடித்ததால் அந்தக் கதவும் அடைபட்டது. ஆட்சித் திறத்தில் திப்பு எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர். வணிகம், நாணயம், பட்டு வளர்ப்பு, படை ஒழுங்கு என அவர் கைவைக்காத துறை இல்லை. அமிர்த மஹால் என்ற பெயரில் அரசு மாட்டுப் பண்ணையை ஒழுங்குபடுத்தி, பீரங்கி இழுக்கும் மாடுகளின் வேகத்தில் எதிரிகள் எவரும் நெருங்க முடியாத நிலையை எட்டியிருந்தார். ஆனால் அண்டை அரசர்களில் தமக்கு நண்பர் ஒருவரைக்கூடத் தேடிக்கொள்ளாமல் 1789 டிசம்பர் 29 அன்று திருவிதாங்கூரின் எல்லைக் காப்பரணைத் தாக்கியது, அவருடைய ஆற்றல் அனைத்தையும் விஞ்சிய பிழையாகவே படுகிறது.

திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு என்பதால் போர் மூண்டது. கார்ன்வாலிஸ் தாமே தெற்கே வந்து படை நடத்த எண்ணியிருந்தார். ஆனால் ஜெனரல் மெடோஸ் சென்னையின் ஆளுநராகவும் படைத்தலைவராகவும் நியமிக்கப்பட்டதை அறிந்து, பொறுப்பை அவரிடம் விட்டார். மெடோஸின் திட்டம் ஃபுல்லர்ட்டனின் பழைய திட்டமேதான்: கரூர் வழியாகக் கொங்குக்குள் நுழைந்து, கோட்டைகளைப் பிடித்துத் தானியம் சேர்த்து, கெஜலட்டி ஏறி ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைவது. 1790 மே மாதக் கடைசியில் திருச்சிராப்பள்ளியை விட்டுப் புறப்பட்ட ஏறத்தாழ 15,000 பேர் கொண்ட படை, ஜூன் 15 அன்று கரூரையும், பின்னர் அரவக்குறிச்சி, தாராபுரம் ஆகியவற்றையும், ஜூலை 21 அன்று கோயம்புத்தூரையும் அடைந்தது. எங்கும் பெரிய எதிர்ப்பு இல்லை. கோயம்புத்தூர்க் கோட்டையை மைசூர்க் காவலர்கள் ஏற்கெனவே காலி செய்திருந்தனர். திப்பு தலைநகருக்குப் போய்விட்டிருந்தார். சையத் சாகிப் என்பவரின் குதிரைப்படை மட்டுமே சமவெளியில் திரிந்துகொண்டிருந்தது. இதை எளிய வெற்றி என்று கருதிய மெடோஸ் தம் படையை மூன்றாகப் பிரித்தார். கர்னல் ஸ்டூவர்ட் திண்டுக்கல்லுக்கும் பாலக்காட்டுக்கும் சென்றார். கர்னல் ஃப்ளாய்ட் குதிரைப்படையுடன் முன்னேறி ஆகஸ்டு இறுதியில் சத்தியமங்கலத்தைப் பிடித்துக் கணவாயின் வாயிலில் நின்றார். மெடோஸ் கோயம்புத்தூரில் தங்கினார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. நடுவே பருவமழையில் பெருகிய பவானி ஓடியது.

திப்பு கணவாயில் இறங்கத் தொடங்கியதை ஃப்ளாய்டின் ஒற்றர்கள் செப்டம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டனர். ஃப்ளாய்ட் அதைத் தலைமையகத்துக்கு எழுதிப் பின்வாங்க அனுமதி கேட்டார். அச்செய்தியை நம்பாத மெடோஸ் அவரை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார். செப்டம்பர் 13 காலையில், சத்தியமங்கலத்துக்கு மேலே பூங்கார் துறையில் ஆற்றைக் கடந்து வந்த மைசூர்க் குதிரைப்படையும் ஃப்ளாய்டின் படையும் மோதின. கொங்கு நிலத்தின் ஓர் அமைப்பு இந்த மோதலில் நேரடியாகக் கலந்துகொண்டது. ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்த முள்வேலிகள் வயல்களை அடைத்திருந்தன. கிளுவை முள் கொண்டு காட்டைச் சுற்றி உயிர்வேலி வளர்க்கும் வழக்கத்தை இன்றும் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் காணலாம் என்பதால், கொங்கு வாசகர் இந்தக் காட்சியை எளிதில் கற்பனை செய்துகொள்ள முடியும். அத்தகைய வேலிக்குள் அகப்பட்ட மைசூர்க் குதிரைப்படைப் பிரிவு ஒன்று வெளியேற வழியின்றி ஆங்கிலக் குதிரை வீரர்களிடம் பெரும் சேதம் அடைந்தது. ஆனால் பிற்பகலில் திப்புவின் பீரங்கிகள் வந்து சேர்ந்து ஆற்றின் இருபுறமிருந்தும் பாசறையைத் துளைக்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. படைவீரர்களைவிட இழுவை மாடுகள் அதிகம் மடிந்தன; மாட்டுக்காரர்கள் ஓடிவிட்டனர். மறுநாள் விடியலில் ஃப்ளாய்ட் கோயம்புத்தூர் நோக்கிப் பின்வாங்கியபோது இழுக்க மாடில்லாத பீரங்கிகளை அங்கேயே விட்டுச் செல்ல நேர்ந்தது.

திப்பு துரத்தினார். மாலையில் சேவூர் அருகே, மீண்டும் முள்வேலிகளுக்கு நடுவே, நெருங்கிய சண்டை நடந்தது. அதில் திப்புவின் மைத்துனரும் தேர்ந்த தளபதியுமான புர்ஹானுதீன் குண்டடிபட்டு இறந்தார். மெடோஸ் துணைக்கு வந்துவிட்டார் என்ற ஆரவாரம் ஆங்கிலப் படையில் எழுந்ததை மைசூர்த் தரப்பு நம்பியதும், இருட்டியதும் சேர்ந்து ஃப்ளாய்டைக் காப்பாற்றின. பசித்த வயிற்றுடன் நடந்த அவருடைய படை சில நாள்களில் மெடோஸுடன் சேர்ந்துவிட்டது. ஆயினும் போரின் போக்கு மாறிவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் ஈரோடும், அக்டோபரில் தாராபுரமும் திப்புவிடம் திரும்பின. அங்கே சேர்த்து வைத்திருந்த தானியம் அவருடைய படைக்கு உணவாயிற்று. நவம்பரில் அவர் வடக்கே பாரமகாலுக்குச் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சென்றபோது மெடோஸ் பின்தொடர்ந்து அலைந்தார். தொப்பூர்க் கணவாயில் அவர் திப்புவைப் பிடிக்கப் பார்க்க, திப்பு அவரைத் தாண்டித் தெற்கே திருச்சிராப்பள்ளிக்கும் சீரங்கத்துக்கும் போய்விட்டார். ஆறு மாதம் கொங்கில் செலவிட்ட பெரும்படையைத் தம் மாடுகளின் வேகத்தாலும் கணவாய்களைப் பற்றிய அறிவாலும் செயலற்றதாக்கிய இந்தப் படையோட்டம், பதினெட்டாம் நூற்றாண்டின் இந்தியப் போர்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணத் தக்கது. திப்புவைப் புள்ளலூரால் மட்டும் அளப்பவர்கள், அங்கே உடன் இருந்த தந்தையின் பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது. சத்தியமங்கலமோ முழுக்க அவருடையது.

இந்தச் செய்திகளைக் கல்கத்தாவில் படித்த கார்ன்வாலிஸ் 1790 டிசம்பரில் சென்னைக்கு வந்து, அடுத்த ஜனவரி இறுதியில் படைத்தலைமையை ஏற்றார். அவர் எடுத்த முதல் பெரிய முடிவு கொங்கைப் பொருட்படுத்தாமல் விடுவது. மெடோஸ் ஆறு மாதத்தில் சேர்த்த தளங்களையும் பாதையையும் ஒதுக்கிவிட்டு, வடக்கே வேலூர்ப் பக்கம் திரும்பினார். ஆம்பூர்க் கணவாய்க்குப் போவதாகப் போக்குக் காட்டி, முகிலிக் கணவாய் வழியாக எதிர்ப்பே இல்லாமல் பீடபூமியில் ஏறினார். மார்ச் 21 இரவில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. கார்ன்வாலிஸ் கணவாய் ஏறும் வரையான மாதங்களைத் திப்பு திருவண்ணாமலைப் பக்கமும் புதுச்சேரியை ஒட்டியும் பிரெஞ்சுக்காரரின் உதவியை எதிர்பார்த்துக் கழித்தார். கொங்கில் தாம் காட்டிய விரைவை அவர் பெங்களூருக்குத் திரும்புவதில் காட்டியிருந்தால், கணவாயின் தலையில் கார்ன்வாலிஸை எதிர்கொண்டிருக்கலாம். திப்புவைப் போற்றும் ஆய்வாளர்களில் பலர் இந்த இடைவெளியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அது சரியன்று, ஏனெனில் போரின் முடிவு இங்கேதான் தொடங்கியது.

கார்ன்வாலிஸும் பிழை செய்யாதவர் அல்லர். 1791 மே 15 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த அரக்கெரேயில் வென்ற பின்னர், மழையிலும் நோயிலும் அவருடைய மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்ததால், கோட்டைச் சுவரை உடைப்பதற்கென்று அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த பெரும் பீரங்கிகளைத் தாமே வெடிக்கச் செய்து புதைத்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முன் கரோலினாவில் வண்டிகளை எரித்த அதே மனிதர் மீண்டும் அதே நிலைக்கு வந்திருந்தார். ஆனால் இம்முறை பின்வாங்கும் வழியிலேயே, மேலுக்கோட்டை அருகே, மராத்தியப் படை தானியச் சந்தையோடு வந்து சேர்ந்தது. கரோலினாவில் இல்லாத கூட்டாளிகள் இங்கே இருந்தனர். எஞ்சிய ஆண்டு முழுவதையும் அவர் பொதிமாடுகளையும் தானியத்தையும் திரட்டுவதற்கே செலவிட்டார். பஞ்சாரிகள் எனப்பட்ட, மாட்டு மந்தைகளில் தானியம் ஏற்றிப் படைகளுக்கு விற்கும் நாடோடி வணிகர்களை (தமிழில் இவர்களை லம்பாடிகள் என்பர்) உடனடி விலை கொடுத்துத் தம் பக்கம் இழுத்தார். நந்திமலை, சாவந்துர்க்கம் போன்ற மலைக்கோட்டைகளைப் பிடித்து வழியைப் பாதுகாத்தார். வீரத்தில் திப்பு அவருக்கு எவ்விதத்திலும் இளைத்தவர் அல்லர். களத்தில் கைவண்ணம் காட்டுவதில் மேலானவர் என்றும் சொல்லலாம். ஆனால் தோற்றபின் எழுந்து நிற்பதற்கான ஏற்பாட்டில் கார்ன்வாலிஸுக்கு இணையாக அக்காலத்து இந்தியாவில் எவரும் இல்லை.

இதனிடையே கொங்கில் இன்னொரு சிறிய போர் நடந்தது. கோயம்புத்தூர்க் கோட்டை பாதுகாக்கத் தகுதியற்றது என்று தீர்மானித்து, பாலக்காட்டில் இருந்த மேஜர் கப்பேஜ் அங்கிருந்த நல்ல பீரங்கிகளை எடுத்துப் போய்விட்டார். கோட்டையில் எஞ்சியவர்கள் லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற இளம் அதிகாரியும், போர்த்துக்கீசியக் கலப்பு வழிவந்த தோப்பாசிகள் ஏறத்தாழ நூற்றிருபது பேரும், திருவிதாங்கூர் வீரர்கள் இருநூறு பேரும். 1791 ஜூனில் முற்றுகையிட்ட மைசூர்ப் படையை, பழைய பீரங்கிகள் இரண்டொன்றைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சமாளித்த சால்மர்ஸ், ஆகஸ்டு 11 அன்று நடந்த இறுதித் தாக்குதலையும் முறியடித்தார். அக்டோபரில் திப்புவின் உறவினரான கமருதீன் கான் பெரும்படையுடன் வந்தார். உதவிக்கு வந்த கப்பேஜ் தடுக்கப்பட்டுப் பாலக்காட்டுக்குத் திரும்பினார். நவம்பர் 3 அன்று சால்மர்ஸ் சரணடைந்தார். காவல்படை பாலக்காட்டுக்குப் போகலாம் என்பது சரணடைந்த நிபந்தனை. அது நிறைவேற்றப்படவில்லை, அனைவரும் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டனர். நிபந்தனைக்குத் தம் ஒப்புதல் தேவை என்பது திப்பு தரப்பின் வாதம். அன்றைய கோட்டையின் இடத்தில்தான் இன்று கோட்டைமேடும் கோட்டை ஈசுவரன் கோயிலும் இருக்கின்றன.

இந்தச் சிறு நிகழ்ச்சிக்குக் கார்ன்வாலிஸ் தந்த முக்கியத்துவம் முதல் பார்வையில் மிகையாகத் தோன்றக்கூடும். சமாதானம் பேசத் திப்பு முனைந்தபோதெல்லாம், கோயம்புத்தூர்க் கைதிகளை முதலில் விடுவிக்க வேண்டும் என்பதையே அவர் முன்வைத்தார். யார்க்டவுனில் தாமே நிபந்தனையின் பேரில் சரணடைந்து, அந்நிபந்தனை மதிக்கப்பட்டதால் நாடு திரும்பியவர் அவர் என்பதை நினைத்தால் இந்தப் பிடிவாதம் விளங்குகிறது. மைசூர்த் தரப்பின் நினைவிலும் ஒரு காயம் இருந்ததை மறுக்க முடியாது. 1783இல் பெத்னூரில் சரணடைந்த ஜெனரல் மேத்யூஸ் கருவூலத்தைக் காலி செய்து நிபந்தனையை மீறினார் என்று திப்பு கருதினார். இருந்தும் கோயம்புத்தூரில் வாக்கை முறித்ததால் திப்புவுக்குக் கிடைத்தது ஒரு சிறு காவல்படை மட்டுமே. இழந்ததோ, தம் சொல்லை எதிரி நம்புவதற்கான வாய்ப்பு. 1792 பிப்ரவரி 6 இரவில் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளி அரண்களைத் தாக்கிப் பிடித்ததும், திப்பு சமாதானக் கடிதத்தைக் கொடுத்தனுப்பத் தேர்ந்தெடுத்தது அதே சால்மர்ஸைத்தான்.

1792 மார்ச் உடன்படிக்கைப்படி திப்பு நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுத்தார். அது நிறைவேறும்வரை இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். கொங்கு இரண்டாகப் பிளந்தது. சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளும் பாரமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனிக்குச் சென்றன. கோயம்புத்தூர், ஈரோடு, தாராபுரம், கரூர் ஆகியவை மேலும் ஏழாண்டுகள் திப்புவிடம் இருந்தன. புதிதாகக் கிடைத்த பகுதியை ஆள நியமிக்கப்பட்ட கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும், உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை அங்கே உருவாக்கினர். கார்ன்வாலிஸ் 1793இல் வங்காளத்தில் நிலைநாட்டிய ஜமீன்தாரி முறைக்கு நேர்மாறானது அது. அவர் வாளால் பெற்ற நிலத்திலேயே அவருடைய நிலக் கொள்கைக்கு மாற்று முளைத்தது. கொங்கின் வேளாண் வாழ்க்கையில் அவருடைய போரைவிட இந்த மாற்றே ஆழமான தடம் பதித்தது.

இரு தலைவர்களின் திறத்தைப் பேசும்போது அந்தத் திறம் யாருடைய நிலத்தில் செலவானது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 1800இல் இப்பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், ஹைதர் காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளோடு இருந்த ஈரோடு மெடோஸின் படையெடுப்பில் அழிந்து, தாம் கண்டபோது சில நூறு வீடுகளோடு மீண்டும் எழுந்துகொண்டிருந்ததைப் பதிவு செய்கிறார். பிடிபட்டு, மீட்கப்பட்டு, மீண்டும் பிடிபட்ட ஒவ்வொரு ஊரின் தானியக் குழியும் ஒவ்வொரு முறையும் காலியானது. திப்புவின் பக்கம் நின்றதாகக் கொங்கு மரபு போற்றும் தீரன் சின்னமலை அவருடைய மறைவுக்குப் பின்னும் கம்பெனியை எதிர்த்து, 1805 ஜூலை 31 அன்று சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இரண்டாம் முறையாகத் தலைமை ஆளுநராக நியமிக்கப்பட்ட கார்ன்வாலிஸ் கல்கத்தாவில் வந்திறங்கியது அதற்கு முந்தைய நாள். அவரும் இரண்டு மாதத்தில், அக்டோபர் 5 அன்று, காசிப்பூரில் இறந்தார்.

1799இன் இறுதிப் போரில் கார்ன்வாலிஸ் இந்தியாவில் இல்லை என்றாலும், ஆங்கிலப் படையை நடத்திய ஜெனரல் ஹாரிஸ் அவருடைய பாடத்தையே பின்பற்றினார். முதன்மைப் படை கொங்கு வழியாக ஏறவில்லை; ராயக்கோட்டைப் பக்கமிருந்து பீடபூமிக்குச் சென்றது. கொங்குக்கு ஒதுக்கப்பட்ட வேலை தானியமும் மாடும் திரட்டித் தருவது. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த கர்னல் பிரவுன் ஏப்ரலில் கரூரையும் ஈரோட்டையும் பிடித்துக்கொண்டு, ரீடுடன் காவேரிபுரத்தில் சேர்ந்தார். அவர்கள் திரட்டியதைக் கணவாய் வழியே மேலேற்றிக் காவலுடன் கொண்டுவர, முற்றுகைப் படையிலிருந்து குதிரைப்படையோடு அனுப்பப்பட்டவர் ஃப்ளாய்ட். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சத்தியமங்கலத்தில் மாடுகளை இழந்து பீரங்கிகளை விட்டு ஓடிய அதே ஃப்ளாய்ட். அவர் கொங்குத் தானியத்தோடு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் திரும்புவதற்குள், மே 4 அன்று கோட்டை விழுந்து, திப்பு அதன் வாயிலில் போரிட்டு மடிந்திருந்தார்.